தெப்பத்தில் எரியாத டெஸ்டர்

எங்கள் ஊர்க் கோயில் குளத்தில் தண்ணீரைப் பார்ப்பதற்கு முன்பே நான் அதற்குள் கிரிக்கெட் ஆடியிருக்கிறேன். ஆடியிருக்கிறேன் என்றால், பெண் பிள்ளை என்பதால் பந்து பொறுக்கிக் கொடுத்திருக்கிறேன். நான்காம் வகுப்பு படித்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை மார்கழி வரை விடவில்லை. உத்திரமேரூர் ஏரி நிரம்பி வழிந்து, வாய்க்கால்களில் தண்ணீர் இறங்கி, எங்கள் குளமும் மேல்படி வரை ஏறிவிட்டது. ஊர்ப் பெரியவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. தை மாதம் தெப்பம் விட்டே தீருவது என்று மண்டபத்தில் கூடி முடிவெடுத்தார்கள். கடைசியாகத் தெப்பம் விட்டபோது யார் என்ன செய்தார்கள் என்பது ஒருவருக்கும் சரியாக நினைவில்லை. யார் எதைச் செய்யக் கூடாது என்பது மட்டும் எல்லோருக்கும் நன்றாக நினைவிருந்தது.

தெப்பத்தில் ஏறுகிறவர்கள் தலைமுழுகி, கையில் காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும். சாமி திரும்பக் கரையிறங்கும்வரை அவர்கள் தண்ணீரில் கால் நனைக்கக் கூடாது. கரையிலிருந்து கயிறு பிடித்து இழுப்பது ஊர்க்காரர்களின் உரிமை. குளத்துக்குள் இறங்கி, மூலைகளில் தெப்பத்தைத் தள்ளித் திருப்பிவிடுவது ஏரிக்கரையில் குடியிருக்கும் இருளர்களின் வேலை. அவர்கள் தெப்பத்தில் ஏறக் கூடாது. மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் கைக்குக் கை சாமான் கொடுத்து வாங்குவதும் கூடாது. ஒன்று உரிமை, மற்றொன்று வேலை என்று ஏன் பெயர் மாறுகிறது என்று அப்போது நான் யோசித்ததில்லை.

என் அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் அவருக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. ரேடியோ செட், டியூப் லைட், சீரியல் பல்பு, ஒரு பழைய டீசல் ஜெனரேட்டர், அவ்வளவுதான் சொத்து. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் அதே பல்புகள்தான் போகும். இத்தனை வருஷம் கரண்டோடு புழங்கியும் அவருக்குக் கரண்ட் என்றால் பயம். ரப்பர் செருப்பில்லாமல் வயரைத் தொடமாட்டார். ஈரத்தில் நின்று எதையும் தொடக் கூடாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுவார். வீட்டில் ஃபேன் போடுவதற்கே செருப்பைத் தேடுகிற மனுஷன் என்று அம்மா கேலி பேசுவாள். அந்தப் பயத்தால்தான் அவர் அத்தனை வருஷம் உயிரோடு இருந்தார் என்று இப்போது நான் சொல்ல முடியும். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸில்தான் எனக்கு வேலை.

கன்னியப்பன் அந்த ஏரிக்கரைக் குடியிருப்பைச் சேர்ந்தவர். வீட்டில் எல்லோரும் அவரை அவன் இவன் என்றுதான் பேசுவார்கள். நைனா வேலைக்குப் போகும் இடங்களில் டியூப் லைட் கட்டக் கொம்பு நடுவதற்கு அவர் கூட வருவார். கொம்பு நட்டு முடிந்து, கூட்டம் வருவதற்கு முன்னால், மைக்கைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய ஆசை. நைனா கொடுப்பார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அல்லோ, மைக் டெஸ்டிங், கன்னியப்பன் பேசறேன்" என்பார். அதற்கு மேல் என்ன பேசுவது என்று தெரியாமல் சிரித்துவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

தெப்பத்துக்கு லைட் போடும் வேலை நைனாவுக்கு வந்தபோது வீட்டில் ஒரே சந்தோஷம். இரும்பு டிரம்களை வரிசையாகக் கட்டி, அதன்மேல் பலகை அடித்து, மூங்கிலில் மண்டபம் எழுப்பியிருந்தார்கள். கரையில் ஜெனரேட்டரை வைத்து வயரை நீட்டினால், தெப்பம் குளத்தைச் சுற்றும்போது வயர் குளத்தின் நடுவிலிருக்கும் நீராழி மண்டபத்தில் சிக்கும். அதனால் ஜெனரேட்டரையும் தெப்பத்திலேயே ஏற்றிவிடச் சொன்னார் தர்மகர்த்தா. நைனா கொஞ்சம் தயங்கினார். படகு மாதிரி ஒன்றில் அவர் அதுவரை ஜெனரேட்டர் ஓட்டியதில்லை. பக்கத்து ஊர்த் தெப்பத்தில் அப்படித்தான் செய்தார்களாம் என்று தர்மகர்த்தா சொன்னதும் ஒப்புக்கொண்டார்.

அன்று சாயங்காலம் தெப்பத்தைப் படிக்கட்டை ஒட்டிக் கட்டி வைத்திருந்தார்கள். நான் தண்ணீரை ஒட்டிய படியில் உட்கார்ந்து தண்ணீரில் கால் போட்டுக்கொண்டு நைனா வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஜெனரேட்டரைக் கிளப்பினார். முன்பக்கத்து விளக்குகள் எல்லாம் எரிந்தன. பின்பக்கம் இருட்டாகவே இருந்தது. கரையில் கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது. சாமி மண்டபத்தைவிட்டுப் புறப்பட்டுவிட்டது என்று மைக்கில் வேறு சொல்லிவிட்டார்கள்.

நைனா ஃபியூஸைப் பார்த்தார். ஹோல்டர்களைப் பார்த்தார். பிறகு டெஸ்டரை எடுத்தார். பிடிக்குள் சின்ன விளக்கு வைத்த திருப்புளி அது. கரண்ட் இருக்கும் கம்பியில் வைத்தால் விளக்கு எரியும், இல்லாத கம்பியில் எரியாது. அன்றைக்கு அது இரண்டு கம்பியிலும் மினுக்மினுக்கென்று அரை உயிராக எரிந்தது. எதில் கரண்ட் வருகிறது, எதில் வரவில்லை என்று அதை வைத்துச் சொல்ல முடியவில்லை. தரையில் ஜெனரேட்டர் ஓட்டும்போது ஒரு கம்பியை எர்த் என்று மண்ணில் அடித்த இரும்புக் கம்பியோடு இணைத்துவிடுவார். அப்போது டெஸ்டர் ஒழுங்காக வேலை செய்யும். தெப்பத்தில் மண்ணுக்கு எங்கே போவது?

சிறிது நேரம் யோசித்தார். ஒரு வயரை ஜெனரேட்டரில் கட்டி, மறுநுனியில் ஒரு ஸ்பேனரைச் சுற்றித் தெப்பத்தின் முன்பக்கம் தண்ணீருக்குள் போட்டார். "தண்ணிக்கு அடியில மண்ணுதான கீது" என்றார். அப்புறம் பலகையில் ஒரு காலும் ஈரப் படியில் ஒரு காலுமாக நின்று, படியில் வைத்த காலின் செருப்பை மட்டும் கழற்றிவிட்டு, டெஸ்டரை வைத்துப் பார்த்தார். இப்போது அது ஒரு கம்பியில் பளிச்சென்று எரிந்தது, இன்னொன்றில் எரியவே இல்லை. நைனாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கரண்ட் எதுவரை வருகிறது என்று பார்த்துக்கொண்டே போய், ஒரு பலகைக்கு அடியில் நசுங்கி அறுந்திருந்த வயரைக் கண்டுபிடித்தார். இன்ஜினை நிறுத்தி, முறுக்கி ஒட்டி, டேப் சுற்றி, மறுபடி கிளப்பினார். பின்பக்கத்து விளக்குகளும் எரிந்தன. கரையில் விசில் பறந்தது. இன்ஜின் சத்தம் கொஞ்சம் கனத்தது. கூடுதல் விளக்குகள் எரிவதால்தான் அப்படி என்று அவர் நினைத்துக்கொண்டார்.

யாரும் பார்க்காத ஒன்று அங்கே இருந்தது. பின்மூலையில் வாழைமரம் கட்டுவதற்கு யாரோ நீளமான ஆணி ஒன்றை அடித்திருந்தார்கள். அது போகிற வழியில் நைனாவின் வயரையும் குத்திக்கொண்டு, பலகையைத் தாண்டிக் கீழே இருந்த இரும்பு டிரம்மைத் தொட்டிருந்தது. அறுந்த வயரை அவர் ஒட்டியதும் அந்த டிரம்முக்கும் கரண்ட் போய்விட்டது. முன்பக்கம் தண்ணீரில் கிடந்த ஸ்பேனருக்கும் பின்பக்கத்து டிரம்முக்கும் நடுவில் இருந்த தண்ணீர் முழுக்கக் கரண்ட் ஓட ஆரம்பித்தது. எர்த் வயரைத் தண்ணீரில் போடாமல் இருந்திருந்தால் ஆணி குத்தியும்கூட ஒன்றும் ஆகியிருக்காது. இதையெல்லாம் நான் வேலைக்குப் போன பிறகுதான் கூட்டிப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

சாமி ஏறியது. நைனாவும் அப்போதுதான் காப்புக் கட்டின கையோடு ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றார். கரையில் இருந்தவர்கள் கயிற்றை இழுக்க, தெப்பம் படியைவிட்டு மெல்ல நகர்ந்தது. கன்னியப்பனும் அவருடைய மச்சானும் கழுத்தளவு தண்ணீரில் பின்னால் போனார்கள். சில முழம்கூடப் போயிருக்காது. கன்னியப்பன் டிரம்மிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்ததை நான் பார்த்தேன்.

"அண்ணா, டிரம்ம தொட்டா கையி சுருக்குங்குது. கரண்டு வருதான்னு பாருங்கண்ணா."

நைனா உடனே குனிந்தார். அவரைப் பற்றி நான் எதைச் சொன்னாலும் இதையும் சொல்ல வேண்டும், அலட்சியமாக இருக்கவில்லை. காய்ந்த பலகையில், இரண்டு காலிலும் ரப்பர் செருப்போடு உட்கார்ந்து, எட்டி டெஸ்டரை டிரம்மில் வைத்தார். எரியவில்லை. பக்கத்தில் நகர்த்தி வைத்தார். எரியவில்லை. துடைத்துவிட்டு இன்னொரு முறை வைத்துப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லப்பா. டெஸ்டரு எரியல பாரு."

"இல்லண்ணா, கீதுண்ணா. எறும்பு ஊர்ற மாரி கீது."

கரையிலிருந்து யாரோ, "தை மாசத் தண்ணிடா, குளுராம இன்னா பண்ணும்? தள்ளுடா" என்று கத்தினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நேரம் முடியப் போகிறது என்று மைக்கில் அவசரப்படுத்தினார்கள்.

டெஸ்டர் எரிய வேண்டுமானால், அதைப் பிடித்திருப்பவரின் உடம்பு வழியாகத் துளிக் கரண்ட் மண்ணிலோ தண்ணீரிலோ இறங்க வேண்டும். செருப்போடு காய்ந்த பலகையில் உட்கார்ந்திருந்தவர் வழியாக அது எங்கே இறங்கும்? நைனா ஒரு காலைத் தண்ணீரில் விட்டிருந்தால் தெரிந்திருக்கும். காப்புக் கட்டியவர் கால் நனைக்கக் கூடாது. டெஸ்டரைக் கன்னியப்பன் கையில் கொடுத்து, நீயே வைத்துப் பார் என்று சொல்லியிருந்தால் பளிச்சென்று எரிந்திருக்கும். மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் எதையும் கொடுக்கக் கூடாது. ஒரு நிமிஷம் இன்ஜினை நிறுத்தியிருக்கலாம். சாமி புறப்பட்ட பிறகு இருட்டாக்கினால் ஊர் சும்மா விடாது. தொழிலில் கற்றுக்கொண்ட ஜாக்கிரதையும் ஊர் சொன்ன கட்டுப்பாடும் சேர்ந்து அவரை அந்தப் பலகையிலேயே உட்கார வைத்துவிட்டன. கன்னியப்பன் கொஞ்ச தூரம் டிரம்மைத் தொடாமல் மூங்கிலைப் பிடித்தே நீந்திப் போனார்.

ஈசானிய மூலையில் தெப்பம் திரும்ப வேண்டியிருந்தது. மூங்கிலைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு கனத்தைத் திருப்ப முடியாது. கன்னியப்பன் இரண்டு கையையும் டிரம்மில் வைத்தார். விளக்கு வெளிச்சத்தில் அவருடைய தலை எனக்கு நன்றாகத் தெரிந்தது. கழுத்து விறைத்து, தலை பின்னால் சாய்ந்திருந்தது. என்னமா முக்கித் தள்ளுகிறான் பார் என்று என் பக்கத்தில் நின்றவர் பாராட்டினார். அடுத்து நான் பார்த்தபோது தலை இல்லை.

அவருடைய மச்சான் அலறிக்கொண்டு பாய்ந்தார். தொட்டதும் தூக்கி எறியப்பட்டவர் மாதிரி மல்லாந்து விழுந்தார். நைனா இன்ஜினை நிறுத்தினார். ஒரே இருட்டு. கரையில் இருந்த கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. ஓவென்று ஊளையிட்டார்கள், விசிலடித்தார்கள். "ஜெனரேட்டரில் சிறு கோளாறு, பக்தர்கள் அமைதி காக்கவும்" என்று கோயில் மைக்கில் சொன்னார்கள். சிறிது நேரத்தில் எதிர்க்கரைப் படியில் யாரோ வாயில் அடித்துக்கொண்டு அழும் சத்தம் கேட்டது. அங்கேதான் கன்னியப்பனைத் தூக்கிப் போட்டிருந்தார்கள்.

புறப்பட்ட தெப்பத்தை நடுவில் நிறுத்தக் கூடாது என்றார்கள். ஆளுக்கு ஆள் செல்போன் விளக்கைப் பிடிக்க, கயிற்றால் இழுத்தே சுற்று முடித்தார்கள். அந்தப் படிக்கட்டைத் தாண்டித்தான் தெப்பம் போனது. நைனா எரியாத விளக்குகளுக்கு நடுவில், சாமிக்குப் பின்னால், அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றார். அப்போதும் அவர் தண்ணீரில் இறங்கவில்லை.

போலீஸ், கேஸ் என்று போனால் இனிமேல் திருவிழாவுக்கே அனுமதி கிடைக்காது என்று பேசி, மறுநாள் காலையிலேயே அடக்கத்தை முடிக்க வைத்துவிட்டார்கள். கன்னியப்பனுக்கு வலிப்பு வந்துவிட்டது என்றார்கள். வலிப்பு என்று ஆரம்பித்தது, டீக்கடைக்கு வருவதற்குள் குடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினான் என்று ஆகிவிட்டது. மச்சான் எங்கெங்கோ அலைந்து மனு கொடுத்ததில், விசாரிக்க இரண்டு பேர் வந்து மண்டபத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பெரியவர்கள் எல்லோரும் சூழ்ந்து நின்றார்கள். நைனாவைக் கேட்டதற்கு, "டெஸ்டரு வெச்சுப் பாத்தங்க, எரியலைங்க" என்றார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவரும் அன்றுவரை அதை நம்பத்தான் செய்தார், அல்லது நம்ப முயன்றுகொண்டிருந்தார். விசாரிக்க வந்தவர்கள் டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு நைனா சரியாகச் சாப்பிடவில்லை. கடைக்குப் போகாமல், தெப்பத்திலிருந்து கழற்றிக்கொண்டு வந்த வயர்களை வாசலில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவரைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தேன்.

"நைனா, அன்னிக்கு என்னிய மீனு கடிச்சுது."

"எங்க?"

"குளத்துலதான். பின்னால லைட்டு எரிஞ்சதும் எவ்ளோ மீனு வந்துச்சு தெரியுமா? கால்ல சுருக்கு சுருக்குனு கடிச்சுக்கினே இருந்துச்சு. தெப்பம் போனதும் மீனும் பூடுச்சு."

நைனா சிரிக்கவில்லை. வயரைக் கீழே போட்டுவிட்டு என் பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து வேலியோரம் போய் வாந்தி எடுத்தார். அம்மா ஓடி வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, மீன் கதையை இனி யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் தொடையில் கிள்ளினாள். கோயில் குளத்து மீனைப் பற்றித் தப்பாகப் பேசக் கூடாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில் நைனா என்னை வண்டியில் உட்கார வைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார். எதற்காக என்னைக் கூட்டிப் போனார் என்று தெரியவில்லை. தனியாகப் போகத் தைரியம் வந்திருக்காது. கன்னியப்பனை எத்தனையோ தடவை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறாரே தவிர, அந்தக் குடியிருப்புக்குள் அவர் போனதில்லை. கரைமேல் நின்று குரல் கொடுப்பதுதான் பழக்கம். அன்று வண்டியைக் கரையில் விட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார். கன்னியப்பனின் சம்சாரம் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குடிசை வாசலில் நின்றிருந்தார். மச்சான் ஓரமாக உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். யாரோ பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டு வந்து போட்டார்கள். நைனா உட்காரவில்லை.

"கரண்ட்டுதாம்மா. வலிப்புமில்ல ஒண்ணுமில்ல. என் வயருதான். நான் தண்ணில வுட்ட வயருதான் அவன இயித்துக்கினு போயிடுச்சு" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார். நைனா அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

அந்த அம்மா அழவில்லை. ஏதோ தெரிந்த கதையைக் கேட்பது மாதிரி கேட்டார்.

"அவுரு உங்களாண்ட சொன்னாரேண்ணா."

மச்சான் வலையிலிருந்து தலையைத் தூக்கினார். "என்னையே தூக்கி அடிச்சுது. எங்களுக்குத் தெரியாதா கரண்ட்டுன்னு?"

குழந்தை என் ரிப்பனைப் பிடித்து இழுத்தது. பிறகு அந்த அம்மா கொஞ்சம் முன்னால் வந்தார்.

"அண்ணா, இத்த மண்டபத்தாண்ட வந்து எல்லாரு முன்னாடியும் சொல்றீங்களா? குடிச்சிட்டு வுயுந்தான்னு சொல்லிக்கினு கீறாங்க. அன்னிக்கு அவுரு விரதம். பச்சத் தண்ணி தவர ஒண்ணும் வாயில வெக்கல. நாளிக்கு இந்தப் புள்ளய பாத்து குடிகாரன் புள்ளன்னுவாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

நைனா சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தார். பிறகு, "பொயுது பூடுச்சு, வரேம்மா" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு கரையேறினார்.

அவர் மண்டபத்தில் போய்ச் சொல்லவில்லை. அந்த வாரமும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. கிராமத்தில் குடியிருந்துகொண்டு செட்டுக் கடை நடத்துகிற மனுஷன் கோயிலைப் பகைத்துக்கொண்டு எப்படிப் பிழைப்பது என்று அம்மா இன்றும் அவருக்காக வாதாடுவாள். குளம் மறுபடி நிரம்பிய வருஷமும் தெப்பத்துக்கு லைட் போட்டது நைனாதான். அன்று காலையில் காய்ச்சல் என்று படுத்தவரைத் தர்மகர்த்தா ஆள் அனுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். கன்னியப்பன் குடித்துவிட்டு விழுந்தார் என்பதை எங்கள் ஊரில் இன்றைக்கும் சந்தேகமில்லாமல் சொல்வார்கள்.

ஆனால் அன்று, ஏரிக்கரையில் வண்டியின் பின்னால் உட்கார்ந்து நைனாவின் முதுகைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தபோது, எனக்கு அவரை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது. தப்புச் செய்தால் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று டீச்சர் எங்களுக்குத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். என் நைனா இவ்வளவு பெரியவராகியும் போய் ஒப்புக்கொண்டுவிட்டார். கோபமெல்லாம் அந்த அம்மா மேல்தான். அத்தனை தூரம் தேடி வந்து, அவர்கள் வாசலிலேயே நின்று அழுதுகொண்டு சொல்லியாகிவிட்டது. அதையே எதற்காக இன்னொரு தடவை, வேறோர் இடத்தில் போய்ச் சொல்லச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.